கோலின் முழங்கையும் டார்பிடோ மட்டையும்

2025 மார்ச்சில் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் டாம்பா பயிற்சி முகாமிலிருந்து வந்த ஒவ்வொரு செய்தியும் வயிற்றில் புளியைக் கரைத்தது. முதன்மைப் பந்துவீச்சாளர் கெரிட் கோலுக்கு முழங்கையில் டாமி ஜான் எனப்படும் தசைநார் அறுவை சிகிச்சை. சீசன் முழுக்க ஆள் கிடையாது. இன்னொரு பந்துவீச்சாளர் லூயிஸ் கில்லுக்கு முதுகுத் தசையில் காயம். மட்டையாளர் ஸ்டான்டனுக்கோ இரண்டு முழங்கையிலும் வலி. யாங்கீஸ் கதை அவ்வளவுதான் என்று நண்பனிடம் புலம்பித் தீர்த்தேன்.

அப்புறம் வந்தது மார்ச் 29. எதிரணி மில்வாக்கி வீசிய முதல் மூன்று பந்துகளும் ஹோம் ரன், அதாவது நேராக எல்லைக்கு வெளியே! அன்று மொத்தம் 9. உடனே எல்லார் வாயிலும் டார்பிடோ மட்டைதான். பந்து அதிகம் படும் இடத்துக்குக் கனத்தை இறக்கி, நுனியை ஒல்லியாக்கிய மட்டை. பார்க்க, பௌலிங் விளையாட்டில் பந்தை உருட்டிச் சாய்க்கும் பின் மாதிரி இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அன்று 3 ஹோம் ரன் அடித்த யாங்கீஸ் நட்சத்திரம் ஆரன் ஜட்ஜ் கையில் இருந்தது அதே பழைய மட்டை.