விடியற்காலை மூன்று மணிக்கு நின்றுபோகும் பேட்டரி: செல்லைக் குறை சொன்னது தப்பு

நேற்று இரவு வீட்டு சோலார் பேட்டரி விடியும்வரை தாங்கியது, ஃபேன் நிற்கவில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்த கையோடு பேட்டரி ஆப்பைத் திறந்தேன், எட்டு செல்லும் 3.15 வோல்ட்டுக்கு மேலே ஒரே வரிசையில் நிற்கின்றன. இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம், சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 8எஸ் (எட்டு செல் சீரிஸில்), 100 ஆம்பியர் ஹவர் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பிரிஸ்மாட்டிக், அதாவது பெட்டி வடிவ செல், நானே கட்டியது. ஜேகே பிஎம்எஸ், அதாவது ஒவ்வொரு செல்லையும் கண்காணித்து, ஒன்று அளவுக்கு மீறிக் கீழே போனாலும் மொத்தத்தையும் கட் செய்கிற போர்டு. உயரமான செல்லிலிருந்து எடுத்துத் தாழ்ந்த செல்லுக்குக் கொடுக்கும் 1 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சரும் அதிலேயே இருக்கிறது. மாடியில் 335 வாட் பேனல் மூன்று. இரவு 10 மணிக்கு வீட்டை பேட்டரிக்கு மாற்றிவிடுவேன். ஃபிரிட்ஜ், இரண்டு பிஎல்டிசி ஃபேன், ரௌட்டர், இன்வெர்ட்டர் தன் பங்குக்குத் தின்பது எல்லாம் சேர்த்து சராசரி 300 வாட். போன வருஷம் காலை ஐந்தரை வரை தாராளமாக ஓடியது. ஐப்பசி மழையில் பிஎம்எஸ்ஸை மாற்றினேன். அதன்பிறகு ஐந்து மணி, நாலரை, நாலு என்று வாரத்துக்கு வாரம் சுருங்கி, கடைசியில் மூன்று மணிக்கே கட். அம்மாதான் முதலில் எழுந்துகொள்வார், ஃபேன் நின்றால் அவருக்குத் தூக்கம் போய்விடும். ஆப் என்னவோ இன்னும் 43 சதவீதம் இருக்கிறது என்று காட்டும், அடுத்த நிமிஷம் இருட்டு.

வழக்கமான சந்தேகங்களை வரிசையாகப் பார்த்தாயிற்று. இன்வெர்ட்டர் லித்தியம் செட்டிங்கில்தான் இருக்கிறது, லோ கட் 24 வோல்ட். இரவில் வேறு லோடு ஏதாவது ஏறுகிறதா என்று டிசி கிளாம்ப் மீட்டரை (வயரைச் சுற்றிக் கவ்வி கரண்ட் அளப்பது) போட்டும் பார்த்தேன், 12 ஆம்பியரைச் சுற்றியே இருக்கிறது. (கிளாம்ப் மீட்டர் வாங்குகிறவர்கள் டிசி கரண்ட் எடுக்குமா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்தவற்றில் பல ஏசி மட்டும்தான் எடுக்கும்.) கட் ஆகும்போதெல்லாம் 2.5 வோல்ட்டுக்கு முதலில் விழுவது ஐந்தாவது செல். செல் வாங்கிய கடைக்கு போன் செய்தால், "தம்பி, அந்த செல் போயிருச்சு, ஒண்ணு அனுப்புறேன், மாத்திருங்க" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன், பணம் அனுப்ப இருந்தேன்.

ஒரு விஷயம் மட்டும் ஒட்டவில்லை. பகலில் சார்ஜ் ஆகும்போது எட்டும் அணிவகுப்பு மாதிரி சமமாக நிற்கும், வித்தியாசம் 5 மில்லி வோல்ட்கூட இருக்காது. மேகம் மறைத்து பேனல் கரண்ட் விட்டதும் ஐந்தாவது மட்டும் பொத்தென்று கீழே போகும். கெபாசிட்டி குறைந்த செல் இப்படிச் செய்யாது. அது சார்ஜிலும் சீக்கிரம் நிரம்பும், டிஸ்சார்ஜிலும் சீக்கிரம் தீரும், நடுவில் மற்றவற்றோடு ஒட்டியே போகும். இது கரண்டோடு ஏறி இறங்குகிறது. கரண்டோடு ஆடினால் அங்கே ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சோலாரை ஆஃப் செய்துவிட்டு, தேய்ப்புப் பெட்டியைச் சொருகி 40 ஆம்பியர் இழுக்க வைத்தேன். ஆப்பில் ஐந்தாவது செல் 3.06. மல்டிமீட்டரை அதே செல்லின் இரண்டு ஸ்டட் (டெர்மினலில் நிற்கும் மறையுள்ள தண்டு) நுனியிலும் வைத்தால் 3.18. எங்கே போனது 120 மில்லி வோல்ட்? ஸ்டட் நுனி என்பது முக்கியம். நட்டிலோ, செல்லையும் செல்லையும் இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரிலோ குத்தினால் நாம் தேடுகிற இழப்பையே தாண்டிப் போய்விடுவோம். அடுத்து ஒரு முனையை நாலாவது செல்லின் பாசிட்டிவ் ஸ்டட்டிலும் மறுமுனையை ஐந்தாவதின் நெகட்டிவ் ஸ்டட்டிலும் வைத்தேன், அதாவது பஸ்பாருக்குக் குறுக்கே. 118 மில்லி வோல்ட். பக்கத்துப் பஸ்பார்களில் எல்லாம் 8, 9. அந்த இடத்தில் கை வைத்தால் சுட்டது. இத்தனை நாள் ஏன் தெரியவில்லை என்றால், இரவு 12 ஆம்பியரில் அங்கே அரை வாட்கூட வெப்பம் வராது. 40 ஆம்பியரில் கிட்டத்தட்ட 5 வாட். எத்தனையோ முறை இரவில் தடவிப் பார்த்திருக்கிறேன், ஜில்லென்றுதான் இருந்தது.

பிஎம்எஸ்ஸை ஆஃப் செய்து, மெயின் வயரைக் கழற்றி, இன்சுலேஷன் டேப் சுற்றிய ஸ்பானரால் நட்டைக் கழற்றினேன். நாலாவது பாசிட்டிவ் ஸ்டட்டில் சென்ஸ் வயரின் (பிஎம்எஸ் வோல்ட்டேஜ் அளக்கும் மெல்லிய வயர்) லக்கோடு, அதாவது முனைத் தகட்டோடு, டெம்பரேச்சர் சென்சாரின் லக்கும் ஏறுகிறது. ஐந்தாவது செல்லை பிஎம்எஸ் அளப்பது இங்கிருந்துதான், அதனால் இந்தப் பஸ்பாரின் இழப்பும் அந்தச் செல்லின் கணக்கில் விழும். இரண்டையும் மேலே வைத்தால் நட் பிடிக்க ஸ்டட் நீளம் போதவில்லை என்று, பிஎம்எஸ் மாற்றிய அன்று சென்ஸ் லக்கை பஸ்பாருக்கு அடியில் தள்ளியிருக்கிறேன். டெர்மினலுக்கும் பஸ்பாருக்கும் நடுவில் அந்த மெல்லிய தகடு. பஸ்பார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, லக்கின் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. மொத்தக் கரண்டும் அந்த விளிம்பு வழியாகவே போயிருக்கிறது, பஸ்பாரின் அடியில் பிறை மாதிரி ஒரு கருப்புக் கோடு.

இதில் எனக்குப் பெரிய பாடம் பேலன்சர். அந்த ஜாயிண்டால் சார்ஜ் நேரத்தில் ஐந்தாவது செல் 25 ஆம்பியருக்கு 75 மில்லி வோல்ட் பொய்யாக ஏறித் தெரியும். பேலன்ஸ் தொடங்கும் வோல்ட்டேஜ் 3.40 என்று வைத்திருந்தேன், ஆகவே அது வேலை செய்வதே சார்ஜின் கடைசிக் கட்டத்தில்தான். ஐந்தாவது செல் உயரமாக இருக்கிறது என்று நம்பி, அதிலிருந்து எடுத்து மற்றவற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. தினம் ஒரு ஆம்பியர் ஹவர்கூடப் போயிருக்காது. இரண்டு மாதத்தில் ஒரு நல்ல செல்லை நிஜமாகவே காலி செய்துவிட்டது. பகலில் எட்டும் அழகாகச் சமமாக நின்ற ரகசியம் இதுதான். அந்தச் சமத்தைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கிறேன்!

சரி செய்தது சின்ன வேலை. டெர்மினலையும் பஸ்பாரையும் 400ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ஐபிஏ (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைத்து, உடனே மாட்டினேன். அலுமினியம் டெர்மினல், தேய்த்துவிட்டு டீ குடிக்கப் போனால் மறுபடி ஆக்சைடு படிந்துவிடும். பஸ்பார் நேராக டெர்மினல் மேல், சென்ஸ் லக் அதற்கு மேல், வாஷர், நட், இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சில் 4 நியூட்டன் மீட்டர். டெம்பரேச்சர் சென்சாரை லக்கிலிருந்து பிரித்து செல்லின் பக்கவாட்டில் சூடு தாங்கும் கேப்டான் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். மறுபடி தேய்ப்புப் பெட்டி, 40 ஆம்பியர், இப்போது 7 மில்லி வோல்ட்.

அப்புறம் ஐந்தாவது செல்லை மட்டும் பெஞ்ச் சப்ளையில் (வோல்ட்டேஜை நாமே செட் செய்யும் பவர் சப்ளை) 3.65 வோல்ட்டுக்கு வைத்து ஏற்றினேன். 10 ஆம்பியர் சப்ளைதான், ஆனால் கூடவே வந்த வயர் நூல் மாதிரி, 7க்கு மேல் போகவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் 38 ஆம்பியர் ஹவர் குடித்தது. மூன்று மணிக்குக் கட் ஆனபோது ஆப் காட்டிய 43 சதவீதத்துக்கும் இதற்கும் கணக்கு ஓரளவு ஒத்துப்போகிறது, அதில் எனக்குத் தனி நிம்மதி. செல் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

எட்டையும் பேரலலில் போட்டு முறையாக டாப் பேலன்ஸ் செய்வது, அதாவது முழுசாக நிரப்பிச் சமப்படுத்துவது, இன்னும் பாக்கி, அதைப் பொங்கல் லீவில் வைத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் நல்ல சிலிக்கான் வயர் வேண்டும், அடுத்த முறை சென்னை போகும்போது ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கிக்கொள்ளலாம். அங்கேயே ஒரு ஒய்ஆர்1035 (சின்ன ரெசிஸ்டன்ஸ் அளக்கும் மீட்டர்) கிடைத்தால் அதையும் எடுத்துவிட ஆசை. தேய்ப்புப் பெட்டி இல்லாமலே ஜாயிண்ட் ஜாயிண்டாக மில்லி ஓம் எடுத்துவிடலாம். பேலன்ஸ் தொடக்கத்தை 3.45க்கு ஏற்றி வைத்திருக்கிறேன். 16எஸ்ஸுக்குப் போகும் யோசனையும் இருக்கிறது, இதே லோடுக்கு கரண்ட் பாதியாகிவிடும். கடைக்காரரிடம் செல் வேண்டாம், நீளமான ஸ்டட் உள்ளது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.