இருபதா, முப்பதா? படகு எஞ்சின் நாட்குறிப்பு

மே 4, ஞாயிறு

கொழும்பு முகத்துவாரத்தில் கரையேற்றி வைத்திருக்கும் எங்கள் பாய்ப்படகின் பழைய எஞ்சினை இன்று வெளியே எடுத்தோம். புதிதாகப் போடுவது இருபது குதிரைவலுவா, முப்பதா என்பதுதான் கேள்வி. மெக்கானிக் அண்ணை புகைபோக்கியின் வளைகுழாயைக் கழற்றி, சீமெந்துத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். கரி கட்டிகட்டியாகக் கொட்டியது. கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். பெருவிரல் தாராளமாக நுழைய வேண்டிய துவாரத்தில் சுண்டுவிரல்கூடப் போகவில்லை.

"தம்பி, இது ஓடித் தேய்ஞ்ச எஞ்சின் இல்லை, சும்மா நிண்டு ஓடிக் கெட்டது" என்றார்.

உண்மைதான். நங்கூரத்தில் கிடக்கும்போது பற்றரி சார்ஜ் பண்ணுவதற்காகவே வருடக்கணக்காக அதை மெதுவாக ஓடவிட்டிருக்கிறோம். டீசல் எஞ்சினுக்குச் சுமை வேண்டும். சுமையில்லாமல் ஓடினால் உள்ளே போதிய சூடு ஏறாது. சரியாக எரியாத டீசல் கரியாகப் படியும். சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல் வழுவழுத்து, எஞ்சின் ஒயில் குடிக்கத் தொடங்கும்.

மே 6, செவ்வாய்

இரவு அத்தான் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தார். "முப்பது குதிரை போடு. கடலிலை பலம் கூட இருந்தா நல்லதுதானே?" என்கிறார். ஆசையாகத்தான் இருக்கிறது. யன்மார் கொம்பனியின் எஞ்சின்களில் 3வைஎம்20 என்பது 21 குதிரைவலு, 3வைஎம்30 என்பது 29. இரண்டுக்கும் மூன்று சிலிண்டர்தான், எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு ஏன் சின்னதை வாங்குவான்?

மேசையில் கணக்குப் போட்டோம். படகு நீரைத் தொடும் நீளம் 25 அடி. அதன் வர்க்கமூலம் 5. அதை 1.34 ஆல் பெருக்கினால் 6.7 நொட், அதாவது மணிக்கு 6.7 கடல் மைல். அந்த வேகத்தில் படகு தான் எழுப்பும் அலைக்குள்ளேயே அகப்பட்டுவிடும். அதற்குமேல் வலுவைக் கொட்டினால் பின்பக்கம் தாழும், டீசல் எரியும், வேகம் ஏறாது. மாறாக, வேகத்தில் கால்வாசியைக் குறைத்தால் தேவைப்படும் வலு பாதிக்கும் கீழே போய்விடும். இங்கிருந்து காலித் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 60 கடல் மைல். 5 நொட்டில் அமைதியாகப் போனால் 12 மணித்தியாலம். அதற்கு ஆறேழு குதிரையே தாராளம்.

மே 12, திங்கள்

வெசாக் போயா விடுமுறை. பின்னேரம் ரயில் தண்டவாளத்தைக் கடந்து கற்களில் போய் உட்கார்ந்தேன். சோளகம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, தொடங்குகிற அறிகுறி. அலைகள் கிட்டக்கிட்ட வந்து விழுகின்றன.

அத்தானின் பயம் நியாயமானது என்று அங்கேதான் பட்டது. சோளகத்தில் காற்று நம்மை மேற்குக் கரையை நோக்கியே தள்ளும். பாய் கிழிந்தால், கயிறு சிக்கினால், எதிர்க்காற்றிலும் குத்தலையிலும் படகைக் கரையிலிருந்து விலக்கிப் பிடிக்க எஞ்சின் ஒன்றுதான் இருக்கிறது. அந்த நேரத்துக்காகத்தான் படகின் எடையில் தொன்னுக்கு 4 குதிரை என்று சொல்கிறார்கள். பழைய படகுகளில் தொன்னுக்கு 2 குதிரையோடு சமாளித்தார்கள். தொன் என்பது விற்பனைத் தாளில் போட்ட வெற்று எடை அல்ல. தண்ணீர், டீசல், சங்கிலி, சாமான், ஆட்கள் எல்லாம் சேர்த்து எங்கள் படகு 5 தொன் வரும். அப்படியென்றால் 20.

அம்மப்பா வல்வெட்டித்துறைக்காரர். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை பாய் விரித்துப் போனதை அவர் வாயால் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! அந்த ஊர் மனிதர்கள் சோளகமும் வாடையும் பார்த்துப் புறப்பட்டார்கள். எங்களுக்கோ திங்கட்கிழமை காலை ஒபிசுக்கு வந்தாக வேண்டும்.

மே 24, சனி

இன்றைக்குத்தான் விஷயம் தீர்ந்தது. படகுக்கு அடியில் படுத்துக்கொண்டு, புரொப்பெல்லர் தண்டின் நடுவிலிருந்து மேலே படகின் அடிவரை அளந்தேன்: 23 சென்ரிமீற்றர். நம்பிக்கையில்லாமல் அண்ணையும் அளந்தார். அதே 23.

புரொப்பெல்லர் இறகின் நுனிக்கும் படகின் அடிக்கும் இடையே புரொப்பெல்லர் விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் அதிர்ந்துகொண்டே இருக்கும். 15 அங்குல புரொப்பெல்லர் என்றால் ஆரை 19 சென்ரிமீற்றர், மிச்சம் 4. சரி. 16 அங்குலம் என்றால் மிச்சம் 3 கூட இல்லை. 29 குதிரையை ஒழுங்காகத் தண்ணீருக்குள் இறக்க இன்னும் பெரிய இறகு வேண்டும், அதற்கு இங்கே இடமில்லை. மிஞ்சும் குதிரைகள் சுமையில்லாமல் ஓடிக் கரிதான் கட்டும்.

அத்தானுக்குப் போன் பண்ணி 23 என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப இருபதைப் போடு" என்றார்.

மே 31, சனி

21 குதிரைக்கு முற்பணம் கட்டியாயிற்று. கியர் 2.6 க்கு 1 (எஞ்சின் 2.6 சுற்றுச் சுற்றினால் புரொப்பெல்லர் ஒன்று), புரொப்பெல்லர் 15 அங்குலம், மூன்று இறகு. இறகின் சாய்வை முடிவாகச் சொல்வது கடலோட்டம்தான். முழுவதும் திறந்தால் எஞ்சின் நிமிடத்துக்கு 3600 சுற்றைத் தொட வேண்டும். தொடாமல் திணறினால் சாய்வு கூடிவிட்டது, கழற்றிக் குறைக்க வேண்டும். பற்றரிக்கு இனி சோலார் தட்டு.

புது எஞ்சினின் கால்கள் பழையதைவிட 2 சென்ரிமீற்றர் அகலம். அதைச் சரிக்கட்டத் திங்கட்கிழமை தச்சர் வருகிறார்.