கானர்ஸை ஆர்தர் ஆஷ் ஜெயித்த விதம்

டர்பனில் டென்னிஸ் பழகும் பிள்ளைகள் பழைய ஆட்டம் ஒன்றே ஒன்றுதான் பார்க்கலாம் என்றால், 1975 ஜூலை 5 அன்று நடந்த விம்பிள்டன் இறுதி ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கறுப்பின வீரர் ஆர்தர் ஆஷுக்கு 32 வயது நிறைய இன்னும் ஐந்து நாள். ஜிம்மி கானர்ஸுக்கு 22 வயது, நடப்புச் சாம்பியன். இருவரும் அதற்கு முன் மூன்று முறை மோதி, மூன்றிலும் ஆஷ் தோற்றிருந்தார். அதில் இரண்டு நம் ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில்தான், 1973, 1974 தென்னாப்பிரிக்க ஓபன் இறுதி ஆட்டங்கள். விம்பிள்டனிலோ 6-1, 6-1, 5-7, 6-4 என்று ஆஷ் ஜெயித்தார்.

ஆஷ் இயல்பில் நிதானமாக ஆடுபவர் அல்ல. ஓங்கி அடிப்பவர். 1968 அமெரிக்க ஓபன் இறுதியில் டாம் ஒக்கரை ஐந்து செட்டில் வீழ்த்தியபோது எதிராளி தொடவே முடியாத சர்வ், அதாவது ஏஸ், 26 போட்டார். (ஆஷ் அமெச்சூர், பரிசுப் பணம் வாங்கக் கூடாதவர் என்பதால் 14,000 டாலர் பரிசு ஒக்கருக்குப் போனது, ஜெயித்தவருக்குக் கிடைத்தது நாளுக்கு 20 டாலர் படி.) அந்தக் கையைத்தான் கானர்ஸுக்கு எதிராக அவர் அடக்கி வைத்தார்.

அரையிறுதியில் ராஸ்கோ டேனர் வேகமாக அடித்துப் பார்த்தார். கானர்ஸ் அதைவிட வேகமாகத் திருப்பி மூன்றே செட்டில் முடித்தார். எதிராளி கொடுக்கும் வேகத்தையே கானர்ஸ் தன் பலமாக்கிக்கொள்வார். அவருடைய எஃகு மட்டைக்கும் அது பொருந்தியது. ஆகவே வேகத்தையே கொடுக்கக் கூடாது என்று முந்தின இரவு ஆஷும் நண்பர்களும் முடிவு செய்தார்கள்.

முதல் ஆயுதம் சர்வ். கானர்ஸ் இடக்கையர், தன் வலப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் பேக்ஹேண்டை இரு கையாலும் அடிப்பவர். வலக்கையர் டியூஸ் பக்கமிருந்து, அதாவது தன் கோர்ட்டின் வலப்பாதியிலிருந்து, பந்தைச் சீவிச் சுழலவிடும் ஸ்லைஸ் சர்வ் போட்டால், பந்து வெளிப்பக்கமாக வளைந்து இடக்கையரின் பேக்ஹேண்டுக்குப் போகும். இரு கையும் மட்டையில் இருந்தால் எட்டும் தூரம் குறையும். கானர்ஸ் கோர்ட்டுக்கு வெளியே இழுபடுவார், மறுபக்கம் காலியாகிவிடும். நம் பிள்ளைகள் இதைப் பழகும்போது பந்தைச் சற்று வலப்புறமாகத் தூக்கிப் போட்டு, அதன் வெளிப்பக்கத்தைச் சீவ வேண்டும். பலர் வேகத்துக்கு ஆசைப்பட்டுப் பந்தின் நடுவில் அடித்துவிடுகிறார்கள். அப்போது வளைவு செத்துவிடும், பந்து நேராக எதிராளி மட்டைக்கே போகும்.

அடுத்தது கானர்ஸின் ஃபோர்ஹேண்ட், மட்டை பிடித்த கைப் பக்கத்து அடி. அவர் டாப் ஸ்பின், அதாவது பந்துக்கு முன்னோக்கிய சுழற்சி, அதிகம் கொடுக்காமல் தட்டையாக அடிப்பவர். வலை நடுவில் 3 அடி உயரம். முழங்காலுக்குக் கீழே, வேகமே இல்லாமல் வரும் பந்தைத் தட்டையாக அடித்தால் ஒன்று வலையில் விழும், இல்லை தூக்கி அடித்துக் கோட்டைத் தாண்டும். ஆஷ் திரும்பத் திரும்ப அங்கேயே மெதுவான, தாழ்ந்த பந்தாகப் போட்டார். கானர்ஸ் வலைக்கு ஓடி வந்தால் அவர் தலைக்கு மேலே தூக்கி அடிக்கும் லாப். இதில் ஒரு ஆபத்து உண்டு. மெதுவான பந்து இடுப்பளவு எழும்பிவிட்டால் அது எதிராளிக்குத் தரும் தானம். டர்பனின் கடல்மட்ட ஈரக்காற்றில் இந்த ஆட்டம் நன்றாகச் செல்லும். ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல் உயரம். மெல்லிய காற்றில் பந்து பறக்கும். இங்கே கோட்டுக்குள் விழும் அதே அடி அங்கே வெளியே போய்விடும்.

நான்காவது செட்டில் கானர்ஸ் 3-0 என முன்னிலை பெற்றார். அந்த இடத்தில் யாராயிருந்தாலும் பழைய பழக்கத்துக்கே திரும்பி ஓங்கி அடிப்பார்கள். ஆஷ் திட்டத்தை மாற்றவில்லை. பக்கம் மாறும் இடைவேளைகளில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இந்தக் கட்டுப்பாடு சிறுவயதிலேயே பழக்கப்பட்டது. பயிற்சி கொடுத்த டாக்டர் ராபர்ட் வால்டர் ஜான்சன், நடுவரோடு வாதாடவே கூடாது, கோட்டுக்கு இரண்டு அங்குலம் வெளியே விழும் பந்தையும் உள்ளே விழுந்ததாக எண்ணித் திருப்பி அடி என்று சொல்லி வளர்த்தார். வெள்ளையர் அரங்கில் ஒரு கறுப்புப் பையனைக் குறை சொல்ல யாருக்கும் சாக்கு கிடைக்கக் கூடாது என்பதற்காக.

நம் நாட்டோடு ஆஷுக்கிருந்த பிணக்கு இன்னும் நீளமானது. நிறவெறி அரசு விசா மறுத்துக்கொண்டே இருந்து, 1973இல்தான் கொடுத்தது. பார்வையாளரை இனம் பிரித்து உட்கார வைக்கக் கூடாது, என்னை ‘கௌரவ வெள்ளையர்’ என்று முத்திரை குத்தக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் வந்தார். ஒற்றையரில் கானர்ஸிடம் தோற்று, ஒக்கரோடு சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்றார். வந்ததே தவறு என்று கறுப்பின மக்களிலேயே சிலர் அவர் முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

மறுவருடம், நாடுகளுக்கிடையே நடக்கும் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதியில், நிறவெறியை எதிர்த்துத் தென்னாப்பிரிக்காவோடு ஆட இந்தியா மறுத்தது. அந்த அணியில் இருந்தவர்கள் சென்னைச் சகோதரர்கள் விஜய், ஆனந்த் அமிர்தராஜ். தென்னாப்பிரிக்கா இதுவரை வென்ற ஒரே டேவிஸ் கோப்பை அப்படி ஆடாமலே கைக்கு வந்ததுதான். விளையாட வேண்டிய வயதில், கைக்கெட்டிய கோப்பையை அந்த அணி விட்டுக்கொடுத்தது சாதாரண விஷயமில்லை.

ஆஷும் பிறகு தென்னாப்பிரிக்காவைப் புறக்கணிப்பவர்கள் பக்கம் வந்தார். நேரில் போய்ப் பேசினால் மாறும் என்று நம்பியவர், அது போதாது என்று கண்டதும் தன் நிலையை மாற்றிக்கொண்டார். 1983இல் பாடகர் ஹாரி பெலஃபோன்டேயோடு சேர்ந்து நிறவெறிக்கு எதிரான கலைஞர், விளையாட்டு வீரர் அமைப்பைத் தொடங்கினார். 1985இல் வாஷிங்டன் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் மறியல் செய்து கைதானார். அப்போது அவர் இரண்டு முறை இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், அமெரிக்க டேவிஸ் கோப்பை அணியின் கேப்டனும்கூட.