காலண்டர் தாள் குறிப்புகள்

பிப்ரவரி 19
கம்பெனி விட்டு பஸ்ஸில் வரும்போது வலது தொடையில் தண்ணீர் வழிவது போல இருந்தது. பையில் பாட்டில் மூடி கழன்றுவிட்டதோ என்று பார்த்தால் பாட்டிலே காலி, சுடிதாரும் காய்ந்துதான் இருக்கிறது. திருப்பூர் வந்து இறங்குவதற்குள் நாலு தடவையாவது தொட்டுப் பார்த்திருப்பேன், பக்கத்து சீட் அக்கா ஒரு மாதிரி பார்த்தார்.

பிப்ரவரி 27
ஈரம் போய்விட்டது. எட்டு நாள் இருந்தது. "நனைஞ்ச மாதிரி இருக்குங்க, ஆனா நனையலைங்க" என்று எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது? அப்படியே விட்டுவிட்டேன், காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்ததோடு சரி.

மார்ச் 21
அருவாமனையில் கீரை அரியக் குனிந்தேன். பிடரியில் ஆரம்பித்து முதுகுத்தண்டு வழியாக இரண்டு கால் வரைக்கும் கரண்ட் ஓடியது. நிமிர்ந்தால் இல்லை, மறுபடி குனிந்தால் மறுபடி ஓடுகிறது. வீட்டுக்காரர், கிரைண்டரில்தான் கரண்ட் கசிகிறது என்று டெஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார், அது ஸ்விட்ச் போடாமலே கிடந்தது.
தெரு முனை டாக்டர் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார், எனக்கு வயது 31. ரத்தத்தில் பி12 கொஞ்சம் கம்மி என்று ஊசி. பி12 குறைந்தாலும் இப்படிக் கரண்ட் ஓடுமாம், அதனால் அவரையும் குறை சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 14
சித்திரைக் கனி பார்த்துவிட்டு எழுந்தேன், நெஞ்சுக்குக் கீழே பாவாடை நாடாவை யாரோ இழுத்துக் கட்டியது போல ஒரு பிடி, மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. அம்மா "வாயுதான் கண்ணு" என்று ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். ராத்திரி பயந்துபோய் ஈசிஜி எடுத்தோம், நார்மல். பில் கட்டிவிட்டு வந்து வடை சாப்பிட்டேன், பிடி அப்படியேதான் இருந்தது.

மே 9
இன்று நடந்ததைத்தான் முழுதாக எழுத வேண்டும். என் வேலை ஷேடு பார்ப்பது. டையிங்கிலிருந்து வரும் துணியையும், பையர் ஓகே செய்த துண்டுத் துணியையும் லைட் பாக்ஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று சொல்ல வேண்டும், ஒன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன். காலையில் ஒரு சிவப்பு லாட் வந்தது. வெளுத்திருக்கிறது, ரிஜெக்ட் என்றேன். டையிங் அண்ணன் சத்தம் போட்டார், மெஷினில் ரீடிங் எடுத்தால் பாஸ். கண்ணைக் கசக்க இடது கண்ணை மூடினேன், ஓகே செய்த துண்டும் பத்து தடவை துவைத்த பனியன் மாதிரி வெளிறிப்போனது. வலதை மூடிக்கொண்டு பார்த்தால் ரத்தச் சிவப்பு. துணியில் ஒன்றும் இல்லை. எனக்குத்தான்.
வலது கண்ணை உருட்டினால் உள்ளே வலிக்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில் கேட்டிலிருந்து உள்ளே நடந்து வருவதற்குள் அந்தக் கண்ணில் எண்ணெய் தடவிய கண்ணாடி போல மங்கல், ஃபேன் அடியில் உட்கார்ந்தால் தெளிகிறது. டீ குடித்தால்கூட மங்குகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்.

மே 11
கண் டாக்டர் டார்ச்சை இந்தக் கண்ணுக்கும் அந்தக் கண்ணுக்குமாக மாற்றி மாற்றி அடித்தார். கண்ணில் குறை இல்லை, பின்னால் போகும் நரம்பில் வீக்கம் என்றார். பிறகு நரம்பு டாக்டர். "இதுக்கு முன்னாடி ஏதாவது வந்து, தானா போயிருக்காம்மா?" என்று கேட்டார். காலண்டர் தாள்களை எடுத்து மேஜையில் வைத்தேன். அவரே தேதி வாரியாக அடுக்கிவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

மே 16
எம்ஆர்ஐயில் மூளையிலும் கழுத்துத் தண்டுவடத்திலும் வெள்ளைப் புள்ளிகள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்பின் மேலுறையை அரித்துவிடுகிறதாம், அரித்த இடத்தைப் பொறுத்து ஈரம், கரண்ட், நாடா, சிவப்பு. தனித்தனி வியாதி என்று நினைத்து மூன்று பேரிடம் போயிருக்கிறேன்.
குனிந்தால் ஓடும் கரண்டுக்கு லெர்மிட் என்று பெயர், 1924லேயே எழுதி வைத்துவிட்டார்கள். சூட்டில் மங்குவது ஊட்ஹாஃப், அது 1890. எம்ஆர்ஐ வராத காலத்தில் சந்தேகப்பட்டவர்களை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து சோதிப்பார்களாம். மே மாதத்துத் திருப்பூருக்குத் தொட்டி எதற்கு என்றேன், டாக்டர் சிரித்துவிட்டார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை, வெளியே போய் நின்றுகொண்டார்.

மே 19
ஸ்டீராய்டு டிரிப், தினம் ஒரு கிராம், ஐந்து நாளில் இது மூன்றாவது. வாய் முழுக்கச் செம்பு டம்ளரை நக்கிய ருசி, புளிப்பு மிட்டாய் வாங்கி வரச் சொன்னேன். தூக்கம் சுத்தமாக இல்லை, விடிகாலை மூன்று மணிக்கு இதை எழுதுகிறேன். வருடக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டியிருக்கும், எது, என்ன விலை என்பதெல்லாம் அடுத்த வாரம்.

ஜூன் 12
வேலைக்கு வந்துவிட்டேன். பார்வை வந்துவிட்டது, சிவப்பு மட்டும் வலது கண்ணில் இன்னும் அரை ஷேடு கம்மி. டையிங் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் துணியையே மடித்துக்கொண்டிருந்துவிட்டு, "அன்னிக்குச் சத்தம் போட்டேனுங்களே" என்றார். சிவப்பு லாட் வந்தால் இனி நான் வலது கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன், மெரூன் ஆரஞ்சுக்கும் அப்படித்தான்.