பெயர் கொடுப்பது எளிது, திரும்பி வரத்தான் கணக்கு வேண்டும்

அமெரிக்கக் கல்லூரிகளில் கூடைப்பந்து ஆடும் பையன்களின் வீடுகளில் ஏப்ரல் வந்தால் ஒரே பேச்சுதான். படிப்பு முடியும் முன்பே என்பிஏ டிராஃப்ட்டுக்குப் போய்விடலாமா, இன்னொரு வருடம் கல்லூரியில் ஆடலாமா? என்பிஏ என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்; அதன் அணிகள் வரிசை வைத்து, இரண்டு சுற்றாகப் புது வீரர்களை எடுப்பதுதான் டிராஃப்ட். இந்த இரண்டு மாதத்தைப் பையன்களோடும் பெற்றோரோடும் கூடவே இருந்து கடந்தவர்கள் நாங்கள். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல் 20 இடத்துக்குள் எடுப்போம் என்று பல அணிகள் தனித்தனியே சொன்னால் தயங்காமல் போங்கள். 25 முதல் 45 வரை என்று பேச்சு ஓடினால், கல்லூரியில் இப்போது கிடைக்கும் பணத்தைப் பார்க்கும்போது, பெரும்பாலும் திரும்பி வருவதே சரி. எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளத்தான் மற்ற எல்லா வேலையும்.

தகுதி விதி குழப்பமில்லாதது. டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிறைய வேண்டும், பள்ளி முடித்து ஒரு என்பிஏ சீசன் கழிந்திருக்க வேண்டும். கூப்பர் ஃப்ளாக் 2025 ஜூனில் முதல் ஆளாக எடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 18தான். அந்த டிசம்பரில் 19 நிறைவதால் தகுதி வந்துவிட்டது.

தேதிகளில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். 2025ஐ எடுத்துக்கொள்வோம். பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 26, அதாவது டிராஃப்ட்டுக்கு 60 நாள் முன். அழைக்கப்பட்ட வீரர்களை அளந்து சோதிக்கும் கம்பைன் என்ற முகாம் சிகாகோவில் மே 18இல் முடிந்தது. கல்லூரித் தகுதியை இழக்காமல் விலக, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ வைத்த கெடு மே 28. என்பிஏ வைத்த கெடு ஜூன் 15. டிராஃப்ட் ஜூன் 25, 26. ஜூன் 15 வரை நேரம் இருக்கிறதே என்று நினைப்பவர் மே 29ஆம் தேதி காலையில் கல்லூரித் தகுதி இல்லாமல் நிற்பார். அந்த ஜூன் கெடு முக்கியமாக வெளிநாட்டு வீரர்களுக்கு உதவுவது.

இதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வேறு கல்லூரிக்கு மாறும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், கல்லூரி மாற விரும்புபவர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலிலும் பெயர் போட வேண்டும். அது 2025இல் ஏப்ரல் 22ஆம் தேதியே மூடிவிட்டது. கம்பைன் முடிந்து, அணிகள் சொன்னதைக் கேட்டு, 'சரி, திரும்பலாம், ஆனால் வேறு கல்லூரி பார்ப்போம்' என்று மே மாதம் யோசிப்பவருக்குக் கதவு சாத்தியிருக்கும். இரண்டிலும் ஒரே நேரத்தில் பெயர் போடுவது குற்றமில்லை, நிறையப் பேர் செய்கிறார்கள். ஆனால் போர்ட்டலில் பெயர் போட்டால் பழைய கல்லூரி ஸ்காலர்ஷிப்பை நிறுத்திக்கொள்ளலாம். பயிற்சியாளரிடம் முகத்துக்கு நேரே பேசிவிட்டுப் போடுவதுதான் முறை.

பெயர் கொடுக்கும் முன்பே இளநிலை ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடு கேளுங்கள். அணி நிர்வாகிகளின் கருத்தைத் திரட்டி என்பிஏ ரகசியமாகத் தரும் பதில் அது. லாட்டரி இடமா (முதல் 14), முதல் சுற்றா, இரண்டாம் சுற்றா, எடுக்கப்பட மாட்டாரா என்ற அளவில்தான் இருக்கும். அது யாரையும் கட்டுப்படுத்தாது. மேலும் அது ஏப்ரல் மாதத்துக் கருத்து, மே மாதத்தில் நிலவரம் மாறும். ஆனாலும் 'எடுக்கப்பட மாட்டார்' என்று வந்துவிட்டால், மே மாதத்தில் அதை முதல் சுற்றாக மாற்றுவது மிக அரிது.

ஏஜென்ட் விஷயம் 2018க்குப் பிறகு இளகியது. என்சிஏஏ சான்று பெற்ற ஏஜென்டோடு எழுத்து ஒப்பந்தம் போட்டுவிட்டுக் கல்லூரிக்குத் திரும்ப வழி உண்டு. திரும்பும்போது அந்த ஒப்பந்தத்தை முறித்தாக வேண்டும். சான்று இருக்கிறதா என்று நீங்களே பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். அவர் பணத்தில் வாங்கிக் கொடுத்தது எது, எதற்காக என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் நல்லது. பின்னால் கல்லூரி அலுவலகத்தில் கேட்பார்கள்.

படிப்பைப் பற்றி ஏஜென்ட் பேச மாட்டார், அதனால் நாங்கள் பேசுகிறோம். ஏப்ரலில் வகுப்பை விட்டுவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பயிற்சிக்குப் போய்விடும் பையன், மே மாதம் திரும்ப நினைக்கும்போது பருவத்துக்கு 6 கிரெடிட் என்ற என்சிஏஏ குறைந்தபட்சக் கணக்கில் விழுகிறான். அணிகள் சோதித்துப் பார்க்கும் ஒர்க்அவுட்டுக்குப் போகும் நாட்களை முன்கூட்டியே சொல்லி, தேர்வை மாற்றி வைக்கவோ இணைய வழியில் எழுதவோ ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கோடைப் பருவத்துக்கும் ஒரு பாடம் பதிந்து வையுங்கள். போகாவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம்.

கம்பைனுக்கு அழைப்பு வருவது ஏறக்குறைய 75 பேருக்கு. அழைப்பு வராதவர்களில் சிலருக்கு அதற்கு முந்தைய நாட்களில் என்பிஏவின் கீழ்நிலை லீக்கான ஜி லீக்கின் எலைட் முகாம் உண்டு. அங்கே நன்றாக ஆடுபவர்களில் சிலரைக் கம்பைனுக்கு ஏற்றிவிடுவார்கள். என்பிஏவுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே 2023இல் வந்த தொழிலாளர் ஒப்பந்தப்படி, அழைப்பு வந்தும் தக்க காரணமின்றிப் போகாதவர் அந்த ஆண்டு டிராஃப்ட்டில் இருக்க முடியாது. மருத்துவப் பரிசோதனையும் அதில் அடக்கம்.

அங்கே முதலில் நடப்பது அளவெடுப்பு. ஷூவைக் கழற்றி, குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கல்லூரி இணையதளத்தில் 6 அடி 6 அங்குலம் என்று போட்டிருந்த பையன் 6 அடி 4.5 அங்குலமாக இறங்குவது அங்கேதான். பிறகு விரித்த கைகளின் நீளம், நின்றபடி கையைத் தூக்கும் உயரம், உள்ளங்கை நீள அகலம், எடை. முழு உயரத்தைவிட நின்றபடி கை எட்டும் உயரத்தை அணிகள் உன்னிப்பாகப் பார்க்கின்றன, ஏனென்றால் எந்த இடத்தில் ஆடும் எதிரணி வீரரைத் தடுத்து ஆட முடியும் என்பது அதில் தெரிகிறது. இந்த எண்கள் வெளியாகும், திரும்பப் பெற முடியாது. அதனால் ஏப்ரலிலேயே வீட்டில் ஷூ இல்லாமல் நேர்மையாக அளந்து, அந்த எண்ணை வைத்தே திட்டம் போடுங்கள்.

மருத்துவ அறிக்கை இன்னும் பலமானது. மைக்கேல் போர்ட்டர் ஜூனியர் பள்ளியில் தன் வயதுக்காரர்களில் முதல் வரிசையில் வைக்கப்பட்டவர். முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் 2018இல் 14ஆம் இடம் வரை சரிந்தார். பழைய காயம் இருந்தால் ஸ்கேன், சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்பாகத் தயாராக வைத்திருங்கள். விவரம் இல்லாத இடத்தில் அணி மருத்துவர் மோசமானதையே கற்பனை செய்துகொள்வார்.

பிறகு அணிகளின் தனி ஒர்க்அவுட். பெரும்பாலும் ஆறு பேரை அழைத்து மூன்றுக்கு மூன்று ஆடவைப்பார்கள், ஷூட்டிங் வரிசை ஒன்று, நேர்காணல் ஒன்று. முடிந்ததும் வரும் பாராட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கேள்வி இப்படி இருக்க வேண்டும்: "உங்கள் கையில் 28ம் 41ம் இருக்கின்றன. இவரை எதில் எடுப்பீர்கள்?" 41 என்றால் அது இரண்டாம் சுற்று, பேச்சு முடிந்தது. முதல் சுற்றில் இடமே இல்லாத அணி 'இவர் முதல் சுற்று ஆள்' என்று சொல்வதற்கு ஒரு செலவும் இல்லை. அந்த வார்த்தையை நம்பி மே 28ஐக் கடந்தவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு, அதுதான் எங்களுக்கு மிகவும் மனம் வலிக்கும் விஷயம்.

உங்களுக்கு முன்னால் யார் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். முதலாண்டு வீரர்கள், நான்கு ஆண்டு முடித்துத் தானாகவே தகுதி பெற்றவர்கள், வெளிநாட்டவர்கள். முதல் சுற்றில் இருப்பது 30 நாற்காலிதான். வெளிநாட்டவர்கள் ஜூன் நடுப்பகுதி வரை விலகலாம் என்பதால், நீங்கள் முடிவெடுக்கும் நாளில் அந்தப் பட்டியல் முழுமையாக இருக்காது. சந்தேகமுள்ள பெயர்கள் எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள் என்றே வைத்து எண்ணுங்கள்.

பணக் கணக்கு இதுதான். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு இடத்துக்கேற்ற அட்டவணைச் சம்பளம், முதல் இரண்டு ஆண்டு உறுதி, அடுத்த இரண்டு ஆண்டு அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் எந்த உறுதியும் இல்லை. நல்ல அணி மூன்று நான்கு ஆண்டு ஒப்பந்தம் தரலாம், என்பிஏவிலும் ஜி லீக்கிலும் மாறி மாறி ஆடும் டூ-வே ஒப்பந்தம் தந்து நிறுத்திவிடவும் செய்யலாம். 2025-26இல் டூ-வே சம்பளம் 6,36,435 டாலர், அதாவது புதியவரின் குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதி. ஜி லீக் சம்பளம் மட்டும் என்றால் 50,000 டாலரைக்கூடத் தொடாது. கல்லூரிப் பக்கமோ 2021 ஜூலையில் வீரர்கள் விளம்பர வருமானம் பெற வழி திறந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு கல்லூரி தன் வீரர்கள் எல்லாருக்கும் சேர்த்து முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பகிரலாம். முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் 2021இல் 353 பேர், 2025இல் 106 பேர். 2021இல் கொரோனாவுக்காகத் தந்த கூடுதல் ஆண்டும் அந்த எண்ணை ஏற்றியது உண்மைதான், ஆனால் சரிவின் பெரும்பகுதி பணத்தால் வந்தது.

திரும்பி வருவது எல்லாருக்கும் ஏறுமுகமில்லை. ஐவன் ராப் 2016இல் லாட்டரி இடம் பேசப்பட்டும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கே திரும்பினார், அடுத்த ஆண்டு 35ஆம் இடம். ஸாக் ஈடி 2023இல் பெயர் கொடுத்து விலகி பர்டூ பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார், 2024இல் 9ஆம் இடம். உங்களிடம் குறையாகச் சொல்லப்பட்டது ஒரு வருடத்தில் திருத்தக்கூடியதா என்று பாருங்கள். மூன்று புள்ளி எறிதல், உடல் வலு, பந்தைக் கையாளுவது எல்லாம் திருத்தலாம். கை நீளமும் வயதும் திருந்தாது. 'கொஞ்சம் வயதாகிவிட்டது' என்பது ஏற்கெனவே காதில் விழுந்தால், இன்னொரு வருடம் அதைக் கூட்டத்தான் செய்யும்.

ஈடி கனடாக்காரர் என்பதால் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருந்தார். அந்த விசாவில் விளம்பரப் பணம் வாங்குவது சிக்கல். வெளிநாட்டுப் பையன்கள் மேலே சொன்ன கல்லூரிப் பணத்தை அப்படியே தங்கள் கணக்கில் எழுதக்கூடாது. கையெழுத்துக்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். கல்லூரி அலுவலகத்தின் வாய்மொழி போதாது.

விலகுவதென்றால் இரண்டு கடிதம் வேண்டும். பட்டியலிலிருந்து பெயரை எடுக்கும்படி என்பிஏவுக்கு ஒன்று, மீண்டும் ஆட விருப்பம் என்று கல்லூரி விளையாட்டு இயக்குநருக்கு ஒன்று. இரண்டும் எழுத்தில், இரண்டுக்கும் கிடைத்ததற்கான பதிலை வாங்கி வையுங்கள். கடைசி நாள் இரவுக்கு விடாதீர்கள்.

டிராஃப்ட்டிலேயே நிற்பதென்று முடிவானால், இரண்டாம் நாள் தொலைபேசி அழைப்புக்குத் தயாராக இருங்கள். 2024 முதல் இரண்டாம் சுற்று மறுநாள் நடக்கிறது, ஒவ்வொரு தேர்வுக்கும் 4 நிமிடம். "47இல் எடுக்கிறோம், டூ-வேக்குச் சம்மதமா?" என்று கேட்பார்கள். எடுக்கப்பட்டால் அந்த அணியோடு மட்டுமே பேச முடியும், எடுக்கப்படாவிட்டால் 30 அணியோடும் பேசலாம். நீங்கள் களத்தில் ஆடும் இடத்துக்கு ஏற்கெனவே மூன்று இளைஞர்கள் உள்ள அணி என்றால் வேண்டாம் என்று ஏஜென்ட் சொல்வதில் தப்பில்லை. ஆனால் எந்த அணிக்குச் சரி, எந்த ஒப்பந்தத்துக்குச் சரி என்பதை முதல் நாள் இரவே பையனும் ஏஜென்டும் உட்கார்ந்து எழுதி முடித்திருக்க வேண்டும். 4 நிமிடத்தில் அதை யோசிக்க முடியாது.