வசனத்துக்கு முன்னால் நடை

சிங்கப்பூர்த் தமிழ் மேடைக்கு நடிக்க வருகிறவரிடம் முதலில் கவனிக்கப்படுவது உச்சரிப்புதான். பகலெல்லாம் அலுவலகத்தில் ஆங்கிலம் பேசிவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வரும் எங்களைப் போன்ற பகுதிநேர நடிகர்களுக்கு ழகரத்தையும் ளகரத்தையும் சரிசெய்யவே பாதி நேரம் போய்விடுவதால், உடலைப் பற்றிப் பேச அவகாசம் இருப்பதில்லை. அடவும், சுழன்றாடும் கிறுக்கியும் ஆடி வேடத்தை அவைக்குக் கொண்டுவரும் தெருக்கூத்து மரபுக்கு உரியவர்கள் நாம் என்பதை நினைத்தால், இது சற்று விந்தையான நிலைதான்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்வுபெற்ற முதியவரின் வேடம் எனக்குக் கிடைத்தபோது, வசனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அலிவால் ஸ்திரீட்டில் நடந்த உடலசைவுப் பயிற்சிக்கு இயக்குநர் என்னை அனுப்பினார்.

அங்கே தொடக்கமே நடுநிலை முகமூடிதான். பாரிசில் 1956இல் நாடகப் பள்ளி தொடங்கிய ழாக் லெகாக்கின் பயிற்சிமுறையில் முக்கிய இடம் பெற்றது அது. எந்த உணர்ச்சியும் காட்டாத அந்த முகமூடியை அணிந்துகொண்டு, தொலைவில் செல்லும் படகுக்கு விடைகொடுக்க வேண்டும். கோபத்துக்குப் புருவம், சோகத்துக்கு உதடு என்று பழகியவர்களுக்குக் கைமுதலே பறிபோன நிலை. உடன் பயின்ற பெண் கையை உயர்த்தி அசைத்தபோது, டாக்சியை நிறுத்துவதுபோல இருந்தது. அவருடைய எடை முழுவதும் குதிகாலிலேயே தங்கியிருந்ததைப் பயிற்றுநர் சுட்டிக்காட்டினார். எடை முன்பாதத்துக்கு நகர்ந்து, மூச்சு ஒரு கணம் நின்று, அதன்பிறகு கை எழுந்தபோது, அது தோள் உயரத்தைக்கூட எட்டவில்லை. ஆயினும் பிரிவு எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

அடுத்து, உடலசைவுகளுக்கு நடன ஆய்வாளர் ருடால்ஃப் லாபன் வகுத்த பகுப்பு. எடை வலியதா மெலியதா, வேகம் திடீரென்றதா நீடித்ததா, திசை நேரானதா வளைந்ததா என்ற மூன்று கேள்விகளின் சேர்க்கையில் குத்துதல், அழுத்துதல், உதறுதல், மிதத்தல் முதலிய எட்டு வகைச் செயல்கள் பிறக்கின்றன. வகுப்பில் இது கணக்குப் பாடமாகத்தான் தோன்றியது. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடும் தாத்தாக்களைக் கவனித்தபோதுதான் பிடிபட்டது. மேடையில் நாம் வளைப்பதுபோல அவர்கள் முதுகை வளைப்பதில்லை. கால்களைச் சற்று அகட்டி நிற்கிறார்கள். யாராவது கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்பாமல் உடம்போடு திரும்புகிறார்கள். உட்காரும்முன் மேசையைக் கை அழுத்திப் பிடிக்கிறது, இடுப்பு அதன்பிறகே இறங்குகிறது.

அந்த அழுத்தத்தை ஒத்திகைக்குக் கொண்டுபோனேன். மார்பு தாழ்ந்ததும் மூச்சு குறுகியது. குறுகிய மூச்சில் நீண்ட வசனங்கள் தாமாகவே துண்டுபட்டன. மகனோடு வாக்குவாதம் செய்யும் காட்சியில், மேசையில் கையூன்றி நான் எழுந்து நிற்பதற்குள் சொல்ல வேண்டியது சொல்லப்பட்டுவிட்டதாகக் கருதி, இயக்குநர் எனக்கிருந்த சில வரிகளை நீக்கிவிட்டார். நாடகத்தை எழுதியவருக்குத்தான் அதில் அவ்வளவாகச் சம்மதமில்லை.