மூன்று வருட அரிப்புக்குப் பெயர் பேஜெட்

மொரிசியசில், ரோஸ்ஹில் பக்கத்துப் பள்ளிகளில் 31 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். சின்ன வகுப்பில் உடல் உறுப்புகள் பாடம் வரும். காது, முழங்கை, கணுக்கால் என்று பிள்ளைகள் தொட்டுத் தொட்டுச் சொல்லும். அப்படிச் சொல்லிக்கொடுத்த நான், பெண்குறியில் அரிக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வாய் வராமல், கிரியோலில் 'கீழே' என்று மட்டும் சொல்லிச் சொல்லி மூன்று வருடத்தைக் கடத்தினேன்.

63 வயதில் தொடங்கியது. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதலில் ராத்திரியில் மட்டும் நமைச்சல். அப்புறம் பகலிலும். பூஞ்சை என்றார்கள், எக்ஸிமா என்றார்கள், சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் பார்த்தார்கள். களிம்புமேல் களிம்பு. தடவினால் கொஞ்சம் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். போன இடங்களில் ஒருவர்கூட 'படுங்கள், பார்க்கிறேன்' என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

"கண்ணாடி வைத்து நீங்களே பாருங்கம்மா" என்றாள் மகள். பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கச் சிவந்து, ஓரம் தெளிவாகத் தெரிந்தது. சிவப்பின்மேல் அங்கங்கே மாவு பூசினாற்போல வெள்ளை. அடுத்த வாரம் வேறொரு பெண் டாக்டரிடம் போனோம். அவர் பார்த்தவுடனே மரத்துப்போக ஊசி போட்டு, பயறு அளவு தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பயோப்சி. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் மூன்று வருடம் காத்திருந்தேன்.

பெண்குறித் தோலில் வரும் பேஜெட் நோய், ஒருவகைத் தோல் புற்று என்று வந்தது. 1874இல் ஜேம்ஸ் பேஜெட் என்ற லண்டன் டாக்டர் மார்புக் காம்பில் இதை விவரித்ததால் அந்தப் பெயர். கீழே வருவது மிக அரிது. பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய பெண்களுக்கு வரும். எனக்கு அந்தக் கெட்ட செல்கள் மேல்தோலிலேயே நின்றிருந்தன, அடியில் இறங்கவில்லை. இறங்கினால் புற்று பரவலாம், கதையே வேறு. மேல்தோலோடு நின்றவர்களில் பெரும்பாலோர் இதனால் சாவதில்லை என்று டாக்டர் சொன்னபோதுதான் மூச்சு வந்தது. சிலருக்கு இதோடு வேறு இடத்திலும் புற்று ஒளிந்திருக்கும் என்பதால் மார்பு, குடல், மூத்திரப்பை எல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

பிறகு ஆபரேஷன். சுற்றிலும் நல்ல தோலையும் சேர்த்து எடுத்தார்கள். ஆனாலும் வெட்டின ஓரத்தில் செல்கள் இருப்பதாக அறிக்கை வந்தது. டாக்டர்மேல் தப்பில்லை. இந்த நோய் கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டி, ஆரோக்கியமாகத் தெரிகிற தோலிலும் பரவிக் கிடக்கும். ஆபரேஷன் செய்தாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திரும்பி வருகிறது. எனக்கு 14 மாதத்தில் வந்தது.

இன்னொரு தடவை வெட்டினால் உட்காரவே முடியாமல் போய்விடுமோ என்று அழுதேன். சரி, களிம்பு போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். இமிகுவிமோட். அது செல்லை நேராகக் கொல்வதில்லை, நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அந்த இடத்துக்கு வரவழைக்கிறது. வாரத்தில் மூன்று ராத்திரி தடவி, காலையில் கழுவ வேண்டும். 16 வாரம். டப்பாவுக்குள் இருந்த பிரெஞ்சுத் தாளைப் பிரித்தால் பிறப்புறுப்பு மருக்களுக்கு என்று போட்டிருக்கிறது! அது உடலுறவில் ஒட்டுகிறது. மருந்துக்கடைப் பையன் என்ன நினைத்தானோ என்று ஒரு வாரம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பேஜெட் யாரிடமிருந்தும் ஒட்டுகிற நோயில்லை. அந்த மருந்து இரண்டுக்கும் பயன்படுகிறது, அவ்வளவுதான்.

ஐந்தாவது வாரம் நரகம். புண்ணாகி, மூத்திரம் போனால் மிளகாய் அரைத்துத் தடவினாற்போல எரியும். காய்ச்சல் வருவதுபோல உடம்பு வலி, அதற்குப் பாரசிட்டமால். டாக்டரைக் கேட்டு ஒரு வாரம் நிறுத்தி, மறுபடி தொடங்கினேன். அந்த வருஷம் தைப்பூசத்துக்குக் கோர் தெ கார்த் மலைக் கோவிலில் படியேற முடியவில்லை. அடிவாரத்தில் நின்றே காவடிகளைப் பார்த்துக் கும்பிட்டேன். முடிந்தபின் எடுத்த பயோப்சியில் கெட்ட செல் இல்லை. களிம்பு எல்லோருக்கும் இப்படிக் கேட்பதில்லை, எனக்குக் கேட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுகிறேன். வருடங்கள் கழித்தும் திரும்பலாம் என்பதால் இது ஆயுள் முழுக்க.

போன மாதம் கோவில் சமையல்கட்டில் காய் நறுக்கும்போது, பக்கத்தில் இருந்த ஒரு அக்கா குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ரொம்ப நாளாக இருக்கிறது, டீச்சர்" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு வருடமாம். காய் சுற்றியிருந்த தாளின் ஓரத்தைக் கிழித்து 'பயோப்சி' என்று எழுதிக் கொடுத்தேன். வியாழக்கிழமை அவருக்கு டாக்டர். நானும் கூடப் போகிறேன்.